அக்காவின் மேசையில் அடித்த மணி

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைத்த குற்றத்துக்காக இனி நெடுநேரம் பொறுமை காக்கப்போகும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என்னைவிட மூத்தவர்களாக இங்கே எஞ்சியிருக்கும் இரண்டொரு பெரியவர்களே, பசை காயாத கைகளோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அட்டை மடிக்கும் அண்ணன்மார்களே, லாரி ஓட்டும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மாமனின் மனம் கனிந்த வணக்கம்.

மாமன் என்றேன். மேடையில் வீற்றிருக்கும் இந்த அக்காவுக்கும் தம்பிக்கும் நான் தாய்மாமன். பள்ளிக்கூடம் எனக்கு ஓய்வு கொடுத்தபின், இவர்களுடைய அட்டைப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பதே என் உத்தியோகம். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

இன்று இந்தப் புதிய கூடத்தை இருவரும் சேர்ந்து திறந்தார்கள். கை தட்டினீர்கள். ஆனால் போன வருடம் தம்பி தனியாகப் போவதாக இருந்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போனானா? போகவில்லை. ஏன் போகவில்லை? சொல்கிறேன். இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். தம்பி தலையைக் குனிகிறான். குனியட்டும், மாமன் முன்னால்தானே.

அக்கா அலுவலகத்தில், தம்பி ஊருக்கு வெளியே ஆலையில். நடுவே இருப்பது ஒரு தொலைபேசி. ஒருநாள் பெட்டிகளின் அளவு பிசகிப்போனது. ஆலைக்கே வந்து வாடிக்கையாளர் சத்தம் போட்டார். அக்காவோடு பேசிக்கொண்டிருந்த லைன் திறந்தே இருப்பதை மறந்து தம்பி சொன்னான்: "எங்க ஆபீஸ்ல அளவை ஒழுங்கா எழுதினாத்தானே சார்? அவங்களுக்கு என்ன தெரியும்?"

அத்தனையும் அக்கா காதில் விழுந்தது. போனை வைத்தாள். அழைப்புகளை அறை அறையாகப் பிரித்துவிடும் எங்கள் தொலைபேசிப் பெட்டியைப் பராமரிக்கும் பெண்ணை அழைத்தாள். அவளை நாங்கள் 'லைன் மேடம்' என்போம். "ஆலையிலேர்ந்து எது வந்தாலும் என் மேசையில மணி அடிக்கக் கூடாது. கணக்கருக்குப் போகட்டும்."

போயிற்று. பாசம் போக வேண்டிய பாதையில் பாவம், கணக்கர் நின்றார். "அம்மா, ஐயா கேக்கறார்." "ஐயாகிட்ட சொல்லுங்க." மாதங்கள் கடந்தன, மௌனம் முதிர்ந்தது, பிரிந்துவிடுவோம் என்ற பேச்சும் பிறந்தது.

அப்போதுதான் ஒரு காலை, மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் தொலைபேசிப் பெட்டியின் நினைவட்டை எரிந்துபோனது. எந்த அறைக்கு எந்த எண், எந்த அழைப்பு யாருக்கு என்ற ஏற்பாடெல்லாம் அதில்தான். வகுப்பில் யார் எந்த பெஞ்சு என்பதே மறந்த ஆசிரியரைப் போல நின்றது பெட்டி.

லைன் மேடம் வந்து புது அட்டை பொருத்தினாள். "மாத்தம் செய்யறப்பெல்லாம் பேக்கப் எடுக்கச் சொன்னேனே, எடுத்தீங்களா?"

கணக்கர் நிமிர்ந்தார். "எடுத்தேனே. பத்திரமா வச்சிருக்கேன்."

"எங்க?"

"அந்தப் பெட்டிக்குள்ளேயே."

"சரி. அதுவும் பத்திரமா எரிஞ்சிடுச்சு."

சிரிக்காதீர்கள், கணக்கர் அங்கேதான் இருக்கிறார். மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அவள் அக்காவிடம் சொன்னாள்: "என் லேப்டாப்ல பழசு ஒண்ணு இருக்கும்மா. ஆபீஸுக்கு வெள்ளையடிச்சப்ப எடுத்தது. அதைப் போட்டா எல்லாம் அன்னிக்கு இருந்தபடி வந்துடும். பிறகு மாத்தினது எதுவும் இருக்காது. பரவாயில்லையா?"

"போன் அடிச்சாப் போதும். போடு."

போட்டாள். சிவப்பு விளக்குகள் சிமிட்டின, சிந்தித்தன, ஒவ்வொன்றாய்ப் பச்சையாயின. உடனே அக்காவின் மேசையில் மணி. வெள்ளையடித்தது சண்டைக்கு முன்னால் அல்லவா? லைன் மேடம் சோதித்துப் பார்க்க ஸ்பீக்கரை அழுத்தினாள். யாரும் வாய் திறப்பதற்குள் ஒரு குரல் ஓடி வந்தது.

"கணக்கரே, காலைலேர்ந்து லைனே கிடைக்கல. அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? மாத்திரை போட்டுச்சா? வழக்கம்போல, நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."

வழக்கம்போல. கேட்டீர்களா அந்த ஒரு சொல்லை? கணக்கர் கூரையை ஆராய்ந்தார். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அக்கா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"விட்டுடுச்சுடா. நீ சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் தம்பி நிறுத்தினான்.

"அக்கா... அன்னிக்கு நான் பேசினது..."

"அளவைத் தப்பா எழுதினது நான்தான்டா. அதை என்கிட்டதானே சொல்லியிருக்கணும்?"

"உன்கிட்டதான் சொல்லியிருக்கணும்."

"சரி, சாயங்காலம் வீட்டுக்கு வா."

பிறகு லைன் மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "வெள்ளையடிச்சதுக்கு அப்புறம் மாத்தினதை எல்லாம் திரும்பப் போடணும்மா. சொல்லுங்க."

"கிடங்குக்குப் புது நம்பர். வாட்ச்மேன் அறைக்கு வெளி லைன் வேண்டாம்."

"அப்புறம்... இன்னொண்ணும் மாத்தச் சொன்னீங்களே?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீ முதல்ல டீ குடி."

பெருமக்களே, கோபத்தில் நாம் கொடுத்த கட்டளையை, கோபம் ஆறிய பின்னும் இயந்திரம் கடமை தவறாமல் நிறைவேற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மன்னிக்கத் தெரியாது. நமக்குத் தெரியுமே. தெரிந்தும் ஏன் தாமதிக்கிறோம்? எத்தனை வீடுகளில் இன்று மணி அடிக்காத மேசைகள்? எத்தனை அண்ணன்கள், எத்தனை தங்கைகள் மூன்றாம் மனிதர் வழியே நலம் விசாரித்து, 'சொல்லிடாதீங்க' என்று கெஞ்சுகிறார்கள்? யாருடைய அழைப்பை நீங்கள் வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்களோ, அவருக்கு வழியைத் திறந்துவிடுங்கள். பெட்டி எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நேரத்தையும் காதையும் எனக்குக் கடன் தந்த உங்கள் எல்லோருக்கும், குறிப்பாக அக்காவின் நலத்தைத் தம்பிக்குச் சொல்லி, தம்பி கேட்டதை அக்காவிடம் சொல்லாமல் கடைசிவரை ரகசியம் காத்த கணக்கருக்கும் என் நன்றி. வணக்கம் சொல்லி அமர்கிறேன். நீங்கள் எழுந்து போய் யாரையாவது அழையுங்கள்.