கைராசிக்காரர்

முடி விஷயத்தில் நான் கொஞ்சம் அருவருப்புப் பார்க்கிறவன். சாப்பாட்டுத் தட்டில் ஒரு முடி கிடந்தால் போதும், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் புற்றுநோய் வார்டில் மருந்து கலக்கும் வேலையில் போட்டார்கள். விசாரணை அதிகாரியான நீங்கள் இதையும் குறித்துக்கொண்டால் நல்லது. ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு அல்லவா?

என் அறை வார்டை ஒட்டியே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கவுன், முகமூடி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறைகள் எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். டாக்டர் நோயாளியின் உயரத்தையும் எடையையும் பார்த்து அளவு எழுதி அனுப்புவார். நான் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் உறிஞ்சி, உப்புநீர்ப் பையில் செலுத்தி, பெயர் ஒட்டி வெளியே தள்ளுவேன். மருந்து ஒரு சொட்டுகூட என் தோலில் பட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை கவசமும். அதையே அந்தப் பக்கம் நேராக இரத்தக்குழாயில் ஏற்றினார்கள். நெஞ்சில் ஈரம் உள்ள எவனுக்கும் இது பொறுக்காது.

இந்த மருந்துகளுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அவசர அவசரமாகப் பெருகும் எந்தச் செல்லைக் கண்டாலும் அடிக்கும். கட்டி அப்படிப் பெருகுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் முடியின் வேரும், வாயின் உள்தோலும், குடலும், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும்கூட அப்படித்தானே பெருகுகின்றன? ஒரு திருடனைப் பிடிக்கத் தெருவில் உள்ள அத்தனை பேரையும் உதைப்பது மாதிரியான வைத்தியம். இது போக, சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து உண்டு, அது இதயத்தைப் பதம் பார்க்கும். இன்னொன்று விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும்.

விரல்களில்தான் ஆரம்பித்தது. ஒரு தையல்கார அம்மா தன் முறைக்கு முன்னால் என் ஜன்னலில் வந்து நின்றார்.

"தம்பி, விரலெல்லாம் மரத்துப் போயிடும்னு சொல்றாங்க. ஊசி பிடிக்க முடியலன்னா நான் எதுக்கு ஆவேன்? கொஞ்சம் பாத்துப் போடுப்பா."

காய்கறிக் கடையில் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நானும் பார்த்துப் போட்டேன். பாதி அளவு. அடுத்த முறை வந்தபோது விரல்களை என் கண் முன்னால் விரித்து மடக்கிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. அதுவரை அந்த ஜன்னலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏன் தாமதம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். என்னை ஒருவர் தேடி வந்து நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஒருவருக்குச் செய்துவிட்டு மற்றவர்களுக்குச் செய்யாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஆகவே எல்லாருக்கும் செய்தேன். பாதி என்பது கால் ஆயிற்று. சிலருக்கு வெறும் உப்புநீர். சிவப்பு மருந்தில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. குறைத்தால் நிறம் வெளுத்துப் பல்லை இளித்தது. வைட்டமின் பி12 ஊசி மருந்தும் சிவப்புத்தான். அதைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். நரம்புக்கும் நல்லது.

வார்டே மாறிப்போயிற்று. வாந்தி இல்லை, வாய்ப்புண் இல்லை, இரத்த அணுக்கள் இறங்கவில்லை. தலைகள் எல்லாம் கருகருவென்று இருந்தன. இது எப்படி என்று யாராவது கேட்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் பதில் தயாராக இருந்தது. பெரிய டாக்டர் தான் மாற்றி எழுதிய வாந்தி மாத்திரைதான் காரணம் என்று மாநாட்டில் போய்ப் பேசினார். மனநல ஆலோசகர் தன்னுடைய சிரிப்புப் பயிற்சி என்றார். நிர்வாகியோ சுவருக்குப் புதிதாக அடித்த இளநீலப் பெயிண்ட் என்றார். 'இதமான வார்டு' என்று கேடயம் கொடுத்தார்கள். குழுப் படத்தில் நான் கடைசி வரிசையில் பாதி முகமாக நிற்கிறேன். நோயாளிகள் மட்டும்தான் என் கையைக் காரணமாகச் சொன்னார்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் கைராசிக்காரர்.

ஊசி முடிந்தவர்களுக்கு மாத்திரை கொடுப்பதும் என் ஜன்னல்தான். சில கட்டிகள் உடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்றே வளர்கின்றன. அந்த ஹார்மோன் வந்து உட்காருவதற்குள், மாத்திரை முந்திக்கொண்டு, பஸ் சீட்டில் கைக்குட்டையைப் போடுவது மாதிரி இடம் பிடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, மூட்டு வலிக்கிறது, எரிச்சல் வருகிறது. வருடக்கணக்கில் யார் இதைப் பொறுப்பார்கள்? டப்பாவில் சத்து மாத்திரையைப் போட்டுக் கொடுத்தேன். கணவன்மார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிலருக்கு நோய் திரும்பியது. மறுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் திரும்பாமல் இருக்கிறது? அப்படித் திரும்பியவர்களை மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அது வேறு வார்டு, வேறு கணக்கு. எங்கள் வார்டில் யாரும் இறந்ததில்லை.

தையல்கார அம்மாவும் மேல்மாடிக்குத்தான் போனார். எலும்புக்குப் பரவிவிட்டது. போவதற்கு முன்னால் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். பொத்தான் துளைகள் அவ்வளவு நேர்த்தி. அதைப் போட்டுக்கொண்டுதான் சாவு வீட்டுக்குப் போனேன்.

"அம்மாவுக்கு வைத்தியத்துல ஒரு கஷ்டமும் தெரியலீங்க. எல்லாம் உங்க கைதான்" என்றாள் அவர் மகள்.

அடக்கமாகத் தலையாட்டினேன். புகழ்ச்சியை நான் பெரிதுபடுத்துவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. அவளும் எங்கள் வார்டுக்கே வந்தாள். தம்பி கைராசிக்காரன் என்பதால் பயமில்லாமல் வந்தாள். இரண்டாவது ஊசிக்குள் தலை மொட்டையாகிவிட்டது. தண்ணீர் விழுங்க முடியாமல் வாயெல்லாம் புண். வாந்தி எடுக்கும்போது நான்தான் பாத்திரம் பிடித்தேன்.

"ஊரே உன்னைக் கும்பிடுது. எனக்கு மட்டும் ஏன்டா இப்படி? நான் உனக்கு என்ன செஞ்சேன்?" என்று அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அறைக்குப் போய், அடுத்த பையைக் கலந்தேன்.

சொந்தக்காரர்களுக்குக் கைராசி பலிக்காது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். தலைமை நர்ஸ் மட்டும் பேசவில்லை. வைத்தியம் நடப்பது மாதிரி தெரிகிற ஒரே ஆள் என் அக்காதான் என்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. மற்றவர்களின் பைகளில் மிச்சமிருந்ததை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அந்த அம்மாள் சிரிப்புப் பயிற்சிக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆமாம், செய்தேன். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் குறைத்தேன். அவர்கள் நோகக் கூடாது என்பதற்காகத்தான் செய்தேன். பாதி அளவும் உடம்புக்குப் போதும் என்று மனதார நம்பினேன். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவுக்கு நேற்று ஸ்கேன் எடுத்தார்களாம். கட்டி இருந்த இடமே தெரியவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். நல்ல செய்தி சொன்ன வாயால்தான் அடுத்த கேள்வியையும் கேட்டீர்கள். அத்தனை பேருக்கும் குறைத்தவன், அவளுக்கு மட்டும் ஏன் சொட்டுக் குறையாமல் கலந்தேன் என்று.

இது என்ன கேள்வி? அவள் என் அக்கா. அவள் பிழைக்க வேண்டாமா?