குகைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்

ரயில் குகையின் உட்புறத்துக்குக் கருப்பு பெயிண்ட் அடிப்பதைப் போல ஓர் அசட்டுத்தனம் கிடையாது. நிஜக் குகை எதுவும் கருப்பாக இருப்பதில்லை. வாய்ப்பக்கம் சாம்பல் நிறம், கூரையில் தண்டவாளத்துக்கு நேர்மேலே மட்டும் புகைக்கரி, சுவரில் நீர் கசிந்து இறங்கிய வெள்ளைக் கோடுகள். இது தெரியாதவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள மறுப்பவர் கதை வேறு. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் சார், நிதானமாகவே சொல்கிறேன்.

என் தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்கப் பொம்மை ரயில் ஓடுகிறது. மேஜையும் ரயிலும் தங்கையின் கணவர் வாங்கியவை. மலை, ஊர், பாலம், குகை எல்லாம் என் கைவேலை. மாப்பிள்ளைக்கு ரயில் ஓட்டத் தெரியும், அதாவது ஒரு குமிழைத் திருகத் தெரியும். வருகிறவர்களிடம், "நானும் மச்சானும் சேர்ந்து பண்ணோம்," என்பார். அவர் எந்த இடத்தில் சேர்ந்தார் என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்.

குகையின் உள்சுவரைப் பிளாஸ்டரில் வார்த்து, கல் கல்லாக ஊசியால் கீறினேன். ரயில் வரும்போது தொழிலாளி ஒதுங்கி நிற்கச் சுவரில் ஒரு மாடம் வைத்தேன். மாடத்தில் லாந்தரோடு ஓர் ஆள், பெருவிரல் நக உயரம். குகை வளைந்து போவதால் வெளியிலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். நான் முழுவதையும் செய்தேன்.

"உள்ள யாரு மச்சான் பாக்கப் போறா? கருப்ப அடிச்சு விட்டுட்டு, அந்தப் பக்கம் ஒரு பார்க்கு கீர்க்கு போடுங்க," என்றார் மாப்பிள்ளை. பார்க்கு கீர்க்கு என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

குகைக்குள் ரயில் தடம் புரண்டால் எடுப்பதற்காக, மலையின் உச்சியை மூடி மாதிரி கழற்றும்படி செய்வது இந்த வேலையில் வழக்கம். நானும் செய்திருந்தேன். மாப்பிள்ளைக்கு அதைத் தூக்கக்கூட உடம்பு வணங்காது. முழங்கை வரை குகை வாய்க்குள் விட்டுத் துழாவுவார், பசுவுக்குப் பிரசவம் பார்ப்பவர் மாதிரி. கைக்கடிகாரம் சுவரைக் கீறிக்கொண்டே போகும். சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். ஒரு நாள் கை வெளியே வந்தபோது விரலிடுக்கில் லாந்தர்க்காரன் தலையில்லாமல் இருந்தான்.

"ஒரு பொம்மைதானே மச்சான், வேற ஒண்ணு ஒட்டிக்குங்க," என்று அவனைக் குப்பைக் கூடைக்குள் சுண்டிவிட்டார்.

அப்போதுதான் முடிவு செய்தேன். கோபமெல்லாம் இல்லை சார். சொல்லிக் கேட்காதவரைக் குகை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீறல்களைப் பூசிச் சரிசெய்தேன். அவர் கை வழக்கமாக உரசும் உயரத்தில், கல்லிடுக்கில் தெரியாதபடி ஒரு செம்புப் பட்டையைப் பதித்தேன். ரயிலுக்கு வருவது தொட்டால் கூசக்கூடச் செய்யாத மின்சாரம். பட்டைக்கு வீட்டு மின்சாரத்தையே கொடுத்தேன். ரயில் இடறி நிற்கத் தண்டவாளத்தில் ஒரு சொட்டுப் பசை. ஆனால் நான் நியாயமானவன். சுவரிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்தேன், சிவப்பில் வெள்ளை எழுத்து: அபாயம், தொடாதே. ஒரு தடவையாவது குனிந்து உள்ளே பார்த்திருந்தால் மாப்பிள்ளை இன்று உயிரோடு இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். ரயில் உள்ளே போனது, வெளியே வரவில்லை. "இதோ, ஒரு நிமிஷம்," என்று கையை விட்டார். வழக்கம்போல முகத்தை நண்பர்கள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் விட்டார். சத்தம்கூட வரவில்லை. நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். தங்கை காபித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். நண்பர் ஒருவர் கீழே ஓடி மெயினை அணைப்பதற்குள் இரண்டு பேர் கதையும் முடிந்துவிட்டது.

அந்தப் பட்டையின் சுவிட்ச் என் காலடியில்தானே இருந்தது என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவர்கள் துடித்த துடிப்பில் மேஜை ஆடிக்கொண்டிருந்தது. நான் மலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தங்கைக்காக வருத்தப்படுகிறேன். அந்த வீட்டில் குனிந்து பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முந்தின நாள்கூட டார்ச் அடித்துப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குண்ணா. அந்தச் சிவப்புப் பலகையில என்ன எழுதியிருக்கு? ஒண்ணுமே படிக்க முடியலையே," என்றாள்.

பலகையே அரிசி அளவுதான். "பொம்மை ஆளோட உயரத்துக்குத் தக்கபடி எழுதினா அப்படித்தாம்மா இருக்கும்," என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே டார்ச்சை அணைத்துவிட்டுப் போனாள்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாமே என்பீர்கள். குகையே கெட்டுப்போயிருக்கும் சார்.