கார்டில் ஐந்து பேர்

அந்த நாற்காலில உக்காராதேங்கோ. மூட்டைப்பூச்சி. நேத்திக்குத்தான் வெந்நீரைக் கொட்டி வெயில்ல போட்டேன், போகலை. டிரங்குப் பெட்டி மேல உக்காருங்கோ, அது சுத்தம். ரேஷன் ஆபீஸ்லேர்ந்து வந்தவர் நின்னுண்டே எழுதினார்னு வேண்டாம். கார்டு மாடத்துல இருக்கு, எடுத்துத் தரேன்.

ஆமாம், பெரிய மேஜைதான். எட்டுப் பேர் சுத்தி உக்காந்து சாப்பிடறது. நாங்க முன்னாடி இருந்த பங்களாவுல யாரோ ஒரு துரை விட்டுட்டுப் போனது. இங்கே மூணாவது மாடிக்கு ஏத்தறச்சே படி திருப்பத்துல மாட்டிண்டுடுத்து. நாலு காலையும் அறுத்து மேல கொண்டுவந்து, மறுபடி ஆணி அடிச்சோம். அதான் இப்படி ஆடறது. என் பிள்ளைகள் ரெண்டு பேரும் இதுக்கு மேல படுத்துக்கறா. நானும் என் பொண்ணு ஷ்யாமளாவும் கீழே. இருக்கற ஒரே ரூம்ல விறகும் கரியும் வச்சா மனுஷாளுக்கு இடம் ஏது?

அவரா? அவர் வந்து... டூர்ல இருக்கார். வருவார்.

நாசிக்குக்கு அந்தப் பக்கம், ரயிலடிலேர்ந்து ஒம்பது மைல், ஒரு கம்பெனியோட கரும்புத் தோட்டம். எங்காத்துக்காரர் அங்கே மேனேஜர். பாலக்காட்டுல கல்யாணம் ஆன கையோட என்னைக் கூட்டிண்டு போயிட்டார். பதினாறு வருஷம். சுத்துவட்டாரத்துல தமிழ் பேசறவா எங்க ஆம் ஒண்ணுதான். பங்களாவுல பதினோரு ரூம். அதுல நாலு ரூமை நான் திறந்து பார்த்ததே அபூர்வம். அங்கேர்ந்து பம்பாய்ல இந்தப் பொந்துக்கு வந்து ஒண்ணேகால் வருஷம் ஆறது.

பொந்துன்னா கோவிச்சுக்காதேங்கோ, நீங்களும் மாட்டுங்காதானே. ஆனா நீங்களே சொல்லுங்கோ. சமைக்கற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குளிக்கற மோரி. மேல் வீட்டுக்காரர் பல் தேய்க்கறச்சே ஓக்கரிக்கறது என் அடுப்படில கேக்கறது. கார்த்தாலே அஞ்சு மணிக்குக் குழாயில ஜலம் வந்தா ஏழு மணிக்கு நின்னுடறது. கக்கூஸ் வராண்டாக் கோடில, நாலு குடித்தனத்துக்கு ஒண்ணு. முன்னாடி போனவா ஜலம் கொட்டிட்டு வர்றதே கிடையாது. தினம் ஒரு வாளியோட போய், யாரோ பண்ணினதைக் கழுவிட்டுத்தான் நான் உள்ளே காலை வைக்கணும். அந்தக் கையாலதான் வந்து குழந்தைகளுக்குச் சாதம் போடறேன். எத்தனை தடவை சீயக்காய் போட்டுத் தேச்சாலும் கைல அந்த நாத்தம் இருக்கற மாதிரியே இருக்கும்.

சர்க்கார் குடுக்கற அரிசியைச் சொல்லணுமா? உங்களைக் குத்தம் சொல்லலை. களைஞ்சா புழு மிதக்கறது. முதல் நாள் ஷ்யாமளா தட்டைத் தள்ளிட்டா. இப்போ ஒதுக்கி வச்சுட்டுச் சாப்பிடறா. பழகிண்டுட்டா பாருங்கோ, அதைப் பார்த்தாத்தான் எனக்கு இன்னும் அருவருப்பா இருக்கு.

என்ன, எழுதியாச்சா? அஞ்சு பேர் சரியா இருக்குன்னு டிக் போட்டுட்டேளா? பிள்ளைகளை நேர்ல பார்க்க வேண்டாமா? அவா ஸ்கூலுக்குப் போயிருக்கா, அது சரி.

என்ன சொன்னேள்?

இல்லை, காதுல விழுந்தது. தாராவிப் பக்கம் போனாத்தான் திருட்டு கார்டு இருக்கும், உங்களை மாதிரி பெரிய மனுஷா ஆத்துல அதெல்லாம் பார்க்கவே வேண்டாம்னேள்.

உக்காருங்கோ. போகாதேங்கோ, உக்காருங்கோ. பேனாவை மூட வேண்டாம்.

நாப்பத்திமூணுல எங்க பக்கம் ஒரே பஞ்சம். தானியமே கண்ணுல படலை. கூலிக்காராளுக்கு மலிவு விலைல குடுக்கச் சொல்லி கம்பெனி மூட்டை மூட்டையாச் சோளம் அனுப்பித்து. எங்காத்துக்காரர் அவாகிட்ட சோளம் இன்னும் வரலைன்னுட்டார். நானும் வரலைன்னுதான் நினைச்சேன்.

எங்க மாட்டுக்கொட்டில் பெருக்க சக்குபாய்னு ஒருத்தி வருவா. கூடவே அவ பொண்ணும் வரும். ஏழு வயசு இருக்கும். ஒருநாள் மத்தியானம் பின்பக்கம் போறேன், அந்தப் பொண்ணு மாட்டுத் தொட்டிக்குள்ள தலையை விட்டுண்டு, ஊறின பிண்ணாக்கை அள்ளி அள்ளித் தின்னுண்டிருக்கு. முகமெல்லாம் மாட்டோட எச்சில். சீ, போ அந்தண்டைன்னு கத்தினேன். கத்தினதோட விட்டேனா? சக்குபாயைக் கூப்பிட்டு, உன் பொண்ணு வாயை வச்ச தொட்டியைக் கழுவுன்னேன். அவளும் ஜலத்தை எடுத்துண்டு வந்து கழுவினா.

அன்னிக்குச் சாயங்காலம் பழைய கோணி வேணும்னு, திறக்காம வச்சிருந்த ஒரு ரூமைத் திறந்தேன். கூரை வரைக்கும் சோள மூட்டை. கீழ் மூட்டையெல்லாம் வண்டு அரிச்சு மாவா உதிர்ந்து கிடக்கு. ரூம் பூரா புளிச்ச நாத்தம்.

என்ன பண்ணினேன்னு பார்க்கறேளா? கதவைச் சாத்தினேன். சாவி என் இடுப்புலதான் இருந்தது. ஒரு படி எடுத்து அவகிட்டக் குடுத்திருக்கலாம். குடுத்தா எங்கேர்ந்து வந்ததுன்னு நாலு பேருக்குத் தெரியும், இவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவா. அதனால குடுக்கலை.

மறுநாள் அவர் சாப்பிட உக்காந்தப்போ கேட்டேன். டவுன்ல ஒரு வியாபாரி நல்ல விலைக்கு எடுத்துக்கறேன், லாரி அனுப்பறேன்னிருக்கான், எல்லாத் தோட்டத்துலயும் நடக்கறதுதான் பாகீரதி, நாளைக்கு நம்ம ஷ்யாமளாவுக்குக் கல்யாணம் பண்ண வேண்டாமான்னார். நெய்யை விட்டுச் சாதத்தைப் பிசைஞ்சுண்டே சொன்னார். குரல்ல ஒரு கூச்சம் இல்லை. அஞ்சு விரலும் நெய். நான் எழுந்து பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். என்ன விசேஷமான்னு சிரிச்சுண்டே கேட்டார்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் ஆகியிருக்கும். கொட்டில் பெருக்க வேற ஒருத்தி வந்தா. சக்குபாய் எங்கேன்னேன். பொண்ணு போயிடுத்து, அவளும் எங்கேயோ போயிட்டான்னா. வயித்துப்போக்குன்னு சொன்னா. இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குத் தமிழே படிக்கத் தெரியலை, பம்பாய்ல சேர்க்கணும்னு அவர்கிட்டச் சொன்னேன். சந்தோஷமாச் சரின்னார். இந்த ரூமை அவர்தான் பிடிச்சுக் குடுத்தார். சாமானெல்லாம் வேகன்ல அனுப்பினார். முதல் மாசமே வந்து நின்னார். வாசல்ல நிக்க வச்சே, இனிமே இங்கே வராதேங்கோன்னுட்டேன். பிள்ளைகள்கிட்ட அப்பா டூர்ல இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். மணியார்டர் அனுப்பறார். வாங்கிக்கறேன். வாங்கறச்சே அந்தப் புளிச்ச நாத்தம் வர்றது. ஆனாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன், வேற என்ன பண்றது?

அதனால இந்த ரூம் மோசம்னு நான் சொல்றது பொய்யில்லை. மோசந்தான். ஆனா என்னை யாரும் இங்கே தள்ளிவிடலை. நானாத்தான் வந்தேன்.

கார்டுக்கு எழுதிக் குடுக்கறச்சே குடும்பத் தலைவர் பேர் கேட்டா. அவர் பேரை எழுதினேன். அப்போ வேற எதுவும் தோணலை. முதல் வாரம் கடைல அஞ்சு பேருக்கு அளந்தான். ஒருத்தருக்கு ஜாஸ்தி இருக்கே, சொல்லிடணும்னு நினைச்சேன். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு பையில கொட்டிண்டு வந்துட்டேன். அப்புறம் சொல்லவே இல்லை.

யாருக்கும் தானம் பண்ணலை. அப்படி நினைச்சுக்காதேங்கோ. நாங்கதான் சாப்பிட்டோம். பெரியவனுக்கு வளர்ற வயசு, பத்தலைம்பான். எனக்கும் பசிக்கறது. பங்களாவுல இருந்தவரைக்கும் எனக்குப் பசின்னா என்னன்னே தெரியாது.

கேஸ் போடணும்னா போடுங்கோ. இல்லை, ஆபீஸ்ல கேட்டுண்டு வந்து சொல்றேன்னாலும் சரி. ஆனா முதல்ல அந்தப் பேரை அடிச்சுடுங்கோ.

காரணமா? செத்துட்டார்னு ஒரு கட்டம், ஊருக்குப் போயிட்டார்னு ஒரு கட்டம், அவ்வளவுதானா? ரெண்டும் இல்லையே. அப்போ ஒண்ணும் எழுத வேண்டாம், கோடு மட்டும் போடுங்கோ. ஆமாம், அதுதான், மேல இருக்கறது. சந்திரமௌலி.

ஆச்சா? இப்படிக் குடுங்கோ. பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திடுவான். நாலு பேருக்கு வாங்கிண்டு வரணும்.