பஞ்சு வெச்ச திருடி

தியாமிகே: மெதுவாப் பேசு எலுபே. என் ட்ரங்க் பெட்டிய யாரோ திறந்திருக்கா.

எலுபே: சர்க்கரை போச்சா?

தியாமிகே: இல்ல.

எலுபே: கடலை?

தியாமிகே: இருக்கு.

எலுபே: சோப்பு கூடவா இருக்கு? இந்த ஹாஸ்டல்லயா? அப்ப வந்தது மனுஷியே இல்லடி.

தியாமிகே: விளையாடாத. எதையும் எடுக்கல. ஒண்ணு... வெச்சிட்டுப் போயிருக்கா.

எலுபே: அந்தத் திருடிய என் பெட்டிக்கும் வரச் சொல்லு. என்ன வெச்சா, மாண்டாசி போண்டாவா? ரெண்டு இருந்தா ஒண்ணு எனக்கு.

தியாமிகே: பஞ்சு.

எலுபே: பஞ்சா?

தியாமிகே: ஒரு... டப்பாவுக்குள்ள. தலைவலி மாத்திரை டப்பா.

எலுபே: அன்னைக்கு மண்டை பொளக்குதுன்னு உன்கிட்ட மாத்திரை கேட்டேன். இல்லவே இல்லன்னியே?

தியாமிகே: இது... வேற தலைவலிக்கு.

எலுபே: தலைவலியில அக்கா தங்கச்சியெல்லாம் இருக்கா?

தியாமிகே: நீ துணியத் துவை. நான் கெளம்பறேன்.

எலுபே: எங்க?

தியாமிகே: வீட்டுக்கு. ரெண்டு மணிக்கு லிலோங்வே மினிபஸ் இருக்கு. திரும்பி வரமாட்டேன்.

எலுபே: ஒரு உருண்டைப் பஞ்சுக்காகவா? திங்கக்கிழமை கணக்குப் பரீட்சைடி. நீ இல்லாம நான் யாரைப் பாத்து எழுதறது?

தியாமிகே: உனக்குப் புரியாது. போன வருஷம் நம்ம ஹாஸ்டல் ஃபைனெஸுக்கு என்னாச்சு? அவ சாப்பிடறது எச்.ஐ.வி மாத்திரைன்னு தெரிஞ்ச அன்னைக்கே அவ வாளிய ஒருத்தியும் தொடல. சீமாக் களி சாப்பிடக்கூட தனியா உக்காந்தா. ஒரே வாரம்... படிப்பே போச்சு.

எலுபே: அவ கதைய ஏன் இழுக்கற? உன்னுது தலைவலிதானே?

தியாமிகே: ...ஆமா.

எலுபே: அழாத. யாராவது கேட்டா சோப்புத் தண்ணி பட்டுச்சுன்னு சொல்லு.

தியாமிகே: பயமா இருக்கு எலுபே. யாருக்கோ தெரிஞ்சிருச்சு. மிரட்டத்தான் வெச்சிருக்கா.

எலுபே: பஞ்சு வெச்சு மிரட்டற ரௌடிய இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்.

தியாமிகே: சிரிக்காத. ...இரு. இன்னைக்குக் காலையில நீ ஏன் இருமல?

எலுபே: எது?

தியாமிகே: தினம் எழுப்பற மணிக்கு முன்னாடி, நான் பெட்டியத் திறக்கற நேரம், ரூமே அதிர இருமுவியே. எல்லாரும் உன்னை டிராக்டர்னு கூப்பிடறாங்க. மேட்ரன் எக்ஸ்ரேக்குக்கூட அனுப்புனாங்க.

எலுபே: நெஞ்சு பளிங்கு மாதிரி இருக்குன்னு டாக்டர் சொன்னாரே.

தியாமிகே: அப்ப ஏன் இருமுன? இன்னைக்கு ஏன் நிறுத்துன? எலுபே... என்னைப் பாரு.

எலுபே: சாவிய ஷூவுக்குள்ள வெக்காதடி. நாத்தம் தாங்கல.

தியாமிகே: நீயா?

எலுபே: உன் டப்பா கிலுகிலுன்னு ஊரையே கூப்பிடுது. ஒரு வருஷமா நானும் இருமி இருமித் தொண்டையே போச்சு.

தியாமிகே: ஒரு வருஷமா தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

எலுபே: நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நீ தலைவலியிலயே நிக்கற.

தியாமிகே: அது... அந்த மாத்திரைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?

எலுபே: அந்தச் சத்தமே போதும்டி. எங்க வீட்டுல, அம்மா டப்பாவுக்குப் பஞ்சு வெக்கறது நான்தான்.