தையல் காய்ந்ததா என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, முதுகெலும்புப் பிரிவின் செவிலியர்களே, தையலோடு வீடு திரும்பி இன்று நலமாக வந்து அமர்ந்திருப்பவர்களே, வணக்கம்.

புண்களுக்குக் கட்டு மாற்றும் நம் டிரெஸ்ஸிங் சிஸ்டர் மறைந்து பதினொரு நாள் ஆகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து அறையில் இருந்த அறுவை மருத்துவன் நான். வயிற்றின் முன்பக்கம் கீறி, குடலை ஒதுக்கி, கீழ்முதுகைச் சரிசெய்வது என் வேலை. முதுகு வலிக்கு வயிற்றில் ஏன் தையல் என்று கேட்காத நோயாளி இல்லை. நான் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போவேன். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்.

தனியாக வசிக்கும் நோயாளிகளுக்கு மாலைதோறும் போன் செய்வார். யார் அவரைச் செய்யச் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

ஒரு பஸ் டிரைவர், வீடு திரும்பிய ஒன்பதாம் நாள், "லேசா ஈரம் சிஸ்டர், வேர்வைதான்" என்றார்.

"வேர்வை ஒரே இடத்துலயா வரும்? கை வச்சுப் பாருங்க, சூடா இருக்கா?"

"குனியக் கூடாதுன்னீங்க. தொட்டா சூடான்னு சரியாத் தெரியல, கண்ணுக்கும் எட்டல. பாத்துச் சொல்லவும் ஆள் இல்ல."

சிஸ்டர் அவர் வீட்டுக்கே மூன்று மாடி ஏறிப் போய்ப் பார்த்தார். தையலைச் சுற்றிச் சிவந்திருந்தது. ஓர் ஓரம் பிரிந்து நீர் கசிந்தது. கையோடு அழைத்து வந்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா கசிவுதான், நாளைக்குப் பாக்கலாம்."

"நீங்க நாளைக்குப் பாக்கலாம் சார். இன்னிக்கு ராத்திரி அவர் தனியா இருக்கணுமே."

திறந்து பார்த்தேன். உள்ளே சீழ் கட்டியிருந்தது. கழுவி, மருந்து கொடுத்து, புண் ஆற ஆறு வாரம் ஆனது. தினமும் கட்டு மாற்றியவர் அவர். அந்த டிரைவர் இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

அப்படிப்பட்டவர் காய்ச்சல் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தார். அவரும் தனியாகத்தான் இருந்தார் என்பது நமக்குத் தெரியாதா? தெரியும். நம்மில் ஒருவராவது போன் செய்தாரா? செய்யவில்லை. நான் செய்யவில்லை. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நுரையீரலில் சளி கட்டியிருந்ததாம்.

நேற்று மாலை, மூன்று வாரம் முன்பு வீடு திரும்பிய ஓர் அம்மையாரை நானே அழைத்தேன்.

"சிஸ்டர் பேசலியா?"

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

அந்த அம்மையார் போனிலேயே அழுதார். பிறகு மெல்லக் கேட்டேன்: "தையல் எப்படி இருக்கு?"

"காஞ்சிருச்சு டாக்டர். நாளைக்கும் பேசுவீங்களா?"

பேசுவேன் என்றேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அதையே மறுபடி சொல்கிறேன்.