பாய் பிரித்துப் பார்க்காத மூட்டை

“கர்த்தருக்கு நல்ல உளுந்து, பாய்க்கு மண்ணு கலந்த உளுந்தா?”

இடைசெவலில் பஸ் ஏறிய ஓர் அம்மா, பக்கத்திலிருந்த புருஷனிடம் இப்படிக் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது. அவர்கள் காலடியில் ஒரு சின்னப் பை, சர்ச் அறுப்புப் பண்டிகையில் காணிக்கை வைக்க. பெரிய மூட்டை, கோவில்பட்டியில் தானியம் வாங்கும் பாய் கடைக்கு.

“மெல்லப் பேசு. கரிசக்கட்டியும் உளுந்தும் ஒரே கருப்பு. யாருக்குத் தெரியப் போவுது?”

“கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?”

“அவரு பரிசுத்தர்னுதான அவரு பைய உக்காந்து பொறுக்கிச் சுத்தம் பண்ணுனேன்.”

“அவரு என்ன வடை சுடவா கேக்காரு? அவர மாதிரி நம்மளையும் பரிசுத்தமா இருக்கச் சொல்லுதாரு. நீங்க பைய மட்டும் சுத்தம் பண்ணிட்டு வாரீய.”

“ஊர்ல எல்லாரும்தான் கலக்காவ.”

“எல்லார் மூட்டையையும் பாய் கொட்டிப் பாக்காரு. நம்மளது வேதக்காரங்க மூட்டைன்னு நம்பிப் பிரிக்கவே மாட்டாரு.”

அவர் நாலாட்டின்புதூர் தாண்டும் வரை சன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். பிறகு போனை எடுத்தார்.

“பாய், வந்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு நம்ம மூட்டையையும் கொட்டிப் பாத்துருங்க. மண்ணு கெடக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“களத்துல சேந்தது இல்ல பாய். நாந்தான் கலந்தேன்.”