பின்கதவுக் கண்ணாடி

காலை ஆறு நாற்பது. மன்னார்குடியில் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிய பெண்ணின் கையில், சுருட்டிய கார் ஜன்னல் ரப்பர் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரி அவருக்குத் தெரிந்தவள்.

“என்னக்கா, டாக்ஸி ஓட்டுற நீங்களே பஸ்ல வர்றீங்க?”

“ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திருந்தேன். எவனோ பின்கதவுக் கண்ணாடிய ஒடச்சு ஒரு கொடைய எடுத்துட்டான்.”

“கொடைதானே, விடுங்க.”

“கொடை போகட்டும். நான் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற அம்மா நேத்து வேற வண்டில போயிட்டாங்க. அவங்க சவாரிலதான் என் வீடே ஓடுது. கண்ணாடி இங்க கெடைக்கல, தஞ்சாவூர்ல பஸ் மாறி திருச்சிக்கே போறேன்.”

“அட்டைய ஒட்டி ஓட்டுங்களேன்.”

“அவங்களுக்குப் புழுதி ஆகாது.”

அவர் போனை எடுத்தார். “அம்மா, வெள்ளிக்கிழமை நான்தான் வருவேன். வேற வண்டி சொல்லிடாதீங்க.”

அன்று வியாழக்கிழமை.